பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆக்டேன்? வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே சந்தேகத்தை வெவ்வேறு நாடுகளிலிருந்து எழுப்பியிருந்தன. பல பத்தாண்டுகளுக்கு முன் வடிவமைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இன்று நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோல்களில் எதைப் போடுவது என்பதே அது. எனவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். முதல் பதிலில் உள்ள விளக்கமே மற்றப் பதில்களுக்கும் அடிப்படை என்பதால், தங்கள் காரைப் பற்றிய பகுதியை மட்டும் தேடிப் படிப்பவர்களும் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டுகிறேன்.

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ஜி.டி. கார் இருக்கிறது. அதன் கையேடு நான்கு நட்சத்திரப் பெட்ரோல் போடச் சொல்கிறது. இப்போது நிலையங்களில் இருப்பவை 95 என்று எழுதிய இ10, 97 அல்லது 99 என்று எழுதிய சூப்பர் ஆகியவைதாம். 95 போட்டு ஓட்டும்போது, ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் என்ஜினிலிருந்து உலோகச் சத்தம் கேட்கிறது. டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தை, சற்றுப் பின்தள்ளி வைத்தால் 95 போதும் என்கிறார் ஒரு நண்பர். 99 போட்டால் வண்டி பறக்கும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?
— ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: உங்கள் காருக்கு 97க்குக் குறையாத சூப்பர் பெட்ரோலே சரியானது. 99 போடுவதால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் அதனால் வண்டி பறக்கவும் செய்யாது.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் வலிமையையோ தூய்மையையோ குறிப்பதன்று. நெருக்கப்பட்டுச் சூடேறும்போது தானாகத் தீப்பற்றிவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதையே அது சொல்கிறது. 1920களில் அமெரிக்காவின் எத்தில் நிறுவன வேதியியலாளர்கள் வகுத்த அளவுகோலில், எளிதில் தானாகப் பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், உடனே பற்றிவிடும் நார்மல் ஹெப்டேனுக்குச் சுழியம் என்றும் வைத்தார்கள். 97 பங்கு முன்னதும் 3 பங்கு பின்னதும் கலந்த கலவை சோதனை என்ஜினில் எப்படி நடந்துகொள்கிறதோ, அப்படியே நடந்துகொள்ளும் பெட்ரோலுக்கு 97 என்ற எண் கிடைக்கிறது.

ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். பரவிச் செல்லும் தீயானது, ஓரத்தில் இன்னும் எரியாமல் மிஞ்சியிருக்கும் கலவையை நெருக்கிச் சூடேற்றுகிறது. அந்தச் சூடு அளவு மீறினால், தீ வந்து சேருமுன்பே அந்த மிச்சக் கலவை முழுவதும் தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்வு சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் தலையிலும் மோதும் ஒலியைத்தான் நீங்கள் ஏற்றத்தில் கேட்கிறீர்கள். தகர டப்பாவில் சிறு ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கும் அந்த ஒலிக்கு மெக்கானிக்குகள் நாக்கிங் என்றும் பிங்கிங் என்றும் பெயர் சொல்வார்கள். எப்போதாவது ஒரு கணம் கேட்டு மறைந்தால் பெரிய தீங்கில்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் அதைப் பொருட்படுத்தாமல் மிதித்துக்கொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டனில் வளையங்கள் பொருந்தும் விளிம்பு உடையும், கடைசியில் பிஸ்டன் தலையே அரிக்கப்பட்டுவிடும். இவ்வளவு அழகான காருக்கு அந்த நிலை வரவிடாதீர்கள்.

இன்றைய கார்களில் நாக்கிங்கை உணரும் கருவியும், உணர்ந்ததும் பொறி விடும் நேரத்தைத் தானாகத் தள்ளிப்போடும் கணினியும் இருக்கின்றன. ஆகவே குறைந்த ஆக்டேன் போட்டால் அவை சிறிது சக்தியை இழந்து என்ஜினைக் காப்பாற்றிக்கொள்ளும்; அவற்றுள் சில, கூடுதல் ஆக்டேன் போட்டால் அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் செய்யும். உங்கள் எம்.ஜி.பி.யில் இவை எதுவும் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை எந்த அளவில் இறுக்கி வைத்தீர்களோ அதே கணக்கில்தான் அது பொறி விடும். எனவே தேவைக்குக் குறைந்த ஆக்டேன் அதற்குக் கேடு, தேவைக்கு மேற்பட்ட ஆக்டேன் உங்களுக்குச் செலவு.

தேவை எது என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது. 1,798 சி.சி. கொண்ட எம்.ஜி.பி. என்ஜின், ஏறத்தாழ 9:1 என்ற உயர் அழுத்த வகையிலும் 8:1 என்ற குறைந்த அழுத்த வகையிலும் வந்தது. என்ஜின் எண்ணின் முன்னொட்டில் எச் என்ற எழுத்து இருந்தால் உயர் அழுத்தம், எல் என்றிருந்தால் குறைந்த அழுத்தம். பிரிட்டனில் விற்ற கார்களில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையே. நான்கு நட்சத்திரம் என்று அக்காலத்தில் குறித்தது 97 ஆக்டேனைத்தான். அதே எண் இன்று சூப்பர் பெட்ரோலில் கிடைக்கிறது என்பதால் உங்களுக்குக் குழப்பம் வேண்டியதில்லை. எல் வகை என்ஜின் உங்களுடையது என்று தெரிந்தால், ஆக்டேனைப் பொறுத்தமட்டில் 95 தாராளமாகப் போதும்.

டைமிங்கைப் பின்தள்ளுவது பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பொய்யில்லை. இரண்டு மூன்று டிகிரி தள்ளி வைத்தால் 95இலும் சத்தம் அடங்கிவிடும். ஆனால் எரிதல் தாமதமாவதால் இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செல்லும், வெளியேறும் புகையின் சூடு ஏறி எக்ஸாஸ்ட் வால்வுகள் வேகும். ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல் ஓடும் காரில் பெட்ரோல் விலையில் மிச்சமாகும் தொகை, இந்த இழப்புகளுக்கு ஈடாகாது என்பதே என் முடிவு.

சூப்பர் போட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லையானால், 99ஐயோ பாட்டிலில் விற்கும் மருந்தையோ தேடிப் போகாமல் என்ஜினைப் பாருங்கள். தொட்டி கிட்டத்தட்டக் காலியானதும் சூப்பர் நிரப்பி, அதே ஏற்றத்தில், அதே கியரில், என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில் ஓட்டிக் கேளுங்கள். சத்தம் இருந்தால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்க வேண்டும். பாயிண்ட் பொருத்தப்பட்ட தட்டுக்கு அடியில் இரண்டு சிறு எடைகளும், அவற்றை இழுத்துப் பிடிக்கும் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகளும் இருக்கும். என்ஜின் வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து பொறியை முன்கூட்டி விடச்செய்யும். ஐம்பது ஆண்டுகளில் அந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், எடைகள் சீக்கிரமே விரிந்துவிடும். நிற்கும் வேகத்தில், அதாவது மிதிக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும்போது, டைமிங் லைட் பிடித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் பார்த்தால்தான் அடையாளக்கோடு கையேடு சொல்லும் இடத்தைத் தாண்டி ஓடுவது கண்ணில் படும். பெட்ரோலைக் குறைசொல்லும் கார்களில் பலவற்றுக்கு உண்மையான நோய் இந்தச் சிறிய ஸ்பிரிங்தான்.

அடுத்து, பிஸ்டன் தலையில் படிந்த கரி. அது இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதோடு, கனன்று தீப்பொறியாகவும் மாறும். சாவியைத் திருப்பிய பின்னும் என்ஜின் சில நொடிகள் முக்கி முக்கி ஓடினால் கரியைச் சந்தேகிக்கலாம். முன்பிருந்த உரிமையாளர் ஹெட்டைச் சீவித் தட்டையாக்கியிருந்தால் அழுத்த விகிதம் கையேட்டில் உள்ளதைவிடக் கூடியிருக்கும். கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டில் காற்று கசிந்தாலும் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நுண்ணிய கறுப்புப் புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துளிகளோ தெரிந்தால், காரை அதற்கு மேல் ஓட்டாமல் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நான்கு நட்சத்திரப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருந்தது. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த அந்தச் சேர்மம் ஆக்டேனை உயர்த்தியதோடு, இரும்பு வால்வு சீட்டுகளில் மெல்லிய படலமாகப் படிந்து அவற்றைத் தேயாமல் காத்தது. மனித உடலுக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் மூளைக்கு, அது நஞ்சு என்பதால் பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அதன் பொது விற்பனை நின்றது. நின்றது மிக நல்லதே. ஆக்டேன் குறையைச் சூப்பர் தீர்த்துவிடுகிறது. வால்வு சீட்டின் தேய்மானத்தை எந்த ஆக்டேனும் தீர்க்காது. உங்கள் ஹெட்டில் கடினமான சீட்டுகள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பதற்குப் பழைய பில்லைத் தேடுங்கள். பில் இல்லையென்றால் ஒவ்வொரு சர்வீஸிலும் எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். அது தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று பொருள். அதுவரை, பிரிட்டனின் வரலாற்று ஊர்திக் கழகங்களின் கூட்டமைப்பு சோதித்து ஏற்றுக்கொண்ட சேர்மம் ஒன்றைப் பெட்ரோலோடு கலந்து வரலாம். நெடுஞ்சாலையில் நெடுநேரம் வேகமாக ஓட்டுபவர்களுக்கு அது அவசியமும்கூட.

இறுதியாக, 95 வேண்டாம் என்பதற்கு ஆக்டேனைவிட வலுவான காரணம் இன்னொன்று உண்டு. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது; இ10 என்ற பெயரின் பொருள் இதுவே. சூப்பரில் அது 5 விழுக்காட்டுக்கு மேற்படாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களில் வெடிப்பு விழச் செய்யும், மாதக்கணக்கில் நிற்கும் காரின் தொட்டியில் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து துருவை வளர்க்கும். சூப்பரே போட்டாலும், எத்தனால் தாங்கும் ஆர்9 தரக் குழாய்களை வாங்கி மாற்றிவிடுவது நல்லது. சூடான என்ஜினுக்கு மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டான விஷயமல்ல.

கேள்வி: 1990ஆம் ஆண்டின் மஸ்டா எம்.எக்ஸ்-5, 1.6 லிட்டர். இங்கே எண்ணெய் நிலையத்தில் ரோன் 95, ரோன் 97 இரண்டும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் ரோன் 97தான் ஊற்ற வேண்டும் என்று கார் பட்டறையில் வற்புறுத்துகிறார்கள். விலை வித்தியாசம் கையைக் கடிக்கிறது. வேறு வழி உண்டா?
— ஒரு வாசகி, ஈப்போ, மலேசியா

பதில்: ரோன் 95 போதும், கவலையின்றி ஊற்றுங்கள். காரின் தோற்றம் ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காக என்ஜினின் தேவை உயர்ந்துவிடாது. உங்கள் 1.6 என்ஜினின் அழுத்த விகிதம் 9.4:1, இதே காரை அமெரிக்காவில் விற்றபோது அங்குள்ள சாதாரணப் பெட்ரோலையே கையேடு பரிந்துரைத்தது. அது உங்கள் கணக்கில் ஏறக்குறைய ரோன் 91 அல்லது 92க்குச் சமம். ஆகவே மலேசியாவின் வெப்பத்தைக் கணக்கில் கொண்டாலும் 95 போதிய இடம் விட்டே நிற்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் காரில் நாக்கிங் உணரும் கருவி இல்லை. உற்பத்தியாளர் வைத்த அடிப்படை டைமிங் 10 டிகிரி. அதை 14 டிகிரிக்கு முன்தள்ளி வைத்தால் மிதித்ததும் வண்டி சுறுசுறுப்பாகப் பாயும் என்பதால், பலர் அப்படிச் செய்துவிட்டு அடுத்த உரிமையாளரிடம் சொல்லாமலே விற்றுவிடுகிறார்கள். உங்கள் காரில் என்ன இருக்கிறது என்பதை அறிய, என்ஜின் அறையிலுள்ள டயக்னாஸிஸ் பெட்டியைத் திறந்து டி.இ.என்., ஜி.என்.டி. என்று குறித்த இரண்டு துளைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு, நிற்கும் வேகத்தில் டைமிங் லைட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். கம்பியை இணைக்காமல் பார்த்தால் கணினி தன் விருப்பத்துக்கு நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், அளவு பிடிபடாது. 14 டிகிரி என்று காட்டினால், ஹெட்டின் பின்புறத்தில் உள்ள கேம் ஆங்கிள் சென்ஸாரின் போல்ட்டைத் தளர்த்தி, சற்றே திருப்பி 10க்குக் கொண்டுவரலாம். அந்தச் சுறுசுறுப்பு பிடித்திருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிட்டு ரோன் 97 ஊற்றுங்கள். அப்போது அந்தக் கூடுதல் விலைக்கு ஒரு பொருள் இருக்கும்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வந்த 1984ஆம் ஆண்டின் போர்ஷ் 944 காரை வாங்கினேன். அதன் ஜெர்மன் கையேடு 98 என்கிறது. இங்கே பம்பில் 87, 89, 93தான் இருக்கின்றன. 98க்கு எங்கே போவேன்?
— ஒரு வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: எங்கும் போக வேண்டாம், உங்கள் பம்பில் உள்ள 93ம் கையேட்டில் உள்ள 98ம் கிட்டத்தட்ட ஒன்றே.

ஆக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஆர்.ஓ.என். (மலேசிய வாசகி சொன்ன ரோன் இதுவே) என்னும் முதல் சோதனையில் என்ஜின் 600 சுற்றில் நிதானமாக ஓடும். எம்.ஓ.என். என்னும் இரண்டாவதில் 900 சுற்று, உள்ளே போகும் கலவையும் முன்னதாகவே சூடேற்றப்பட்டிருக்கும். ஆகவே அதில் கிடைக்கும் எண் குறைவாகவே வரும். ஐரோப்பாவும் ஆசியாவும் முதல் எண்ணையே பம்பில் எழுதுகின்றன. அமெரிக்காவோ இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறது. அதனால் அமெரிக்க எண் எப்போதும் நான்கைந்து புள்ளி தாழ்ந்து தெரியும்: 87 என்பது ஐரோப்பியக் கணக்கில் 91 அல்லது 92, 91 என்பது 95 அல்லது 96, 93 என்பது சுமார் 98.

நீங்கள் கவனிக்க வேண்டியது, உங்கள் கார் ஐரோப்பிய வகை என்பதை. அங்கே விற்ற 2.5 லிட்டர் 944இன் அழுத்த விகிதம் 10.6:1, அமெரிக்காவுக்கென்று செய்ததில் அது 9.5:1தான். எனவே அக்கம்பக்கத்து 944 உரிமையாளர் 91 போட்டு நிம்மதியாக ஓட்டுகிறார் என்பதை வைத்து நீங்களும் இறங்கிவர வேண்டாம். பின்னால் வந்த 944 டர்போவில் நாக்கிங்கை உணர்ந்து டைமிங்கைத் தள்ளும் ஏற்பாடு இருந்தது. டர்போ இல்லாத உங்கள் எட்டு வால்வு என்ஜினில் கணினி உண்டே தவிர அந்தக் காது இல்லை. 93 மட்டுமே போடுங்கள். நெடும்பயணத்தில் ராக்கி மலைப் பகுதிக்குப் போனால் அங்கே 85 என்று எழுதிய பெட்ரோலைக் காண்பீர்கள். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதை நம்பி விற்கும் அதை இந்தக் காரில் ஊற்றவே கூடாது.

கேள்வி: எனது டொயோட்டா எம்.ஆர்.2 டர்போ ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது, 1992ஆம் ஆண்டு. ஜப்பானில் இதற்கு 100 ஒக்டேன் அடிப்பார்களாம். இங்கே நான் வழக்கமாக நிரப்பும் இடத்தில் ஒக்டேன் 92, ஒக்டேன் 95 பெற்றோல் மட்டுமே உண்டு. போத்தலில் விற்கும் ஒக்டேன் பூஸ்டரை ஊற்றிச் சமாளிக்கலாமா?
— ஒரு வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: 95 மட்டும் நிரப்புங்கள்; 92 பக்கம் போகவே வேண்டாம். டர்போ இல்லாத என்ஜினில் அழுத்த விகிதம் என்ற ஓர் எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். உங்கள் காரில் 8.8:1 என்ற விகிதம் பார்வைக்குச் சாதுவாகத் தெரிந்தாலும், டர்போ காற்றை முன்கூட்டியே நெருக்கி, சூடாக்கி உள்ளே தள்ளுவதால், முழுதாக மிதிக்கும் வேளையில் சிலிண்டருக்குள் இருக்கும் நிலை முற்றிலும் வேறு. ஜப்பானில் உயர்ரகப் பெட்ரோலுக்குத் தர அளவின்படி 96 என்பது குறைந்தபட்சம். பல நிறுவனங்கள் 100 என்று விற்றன. பொறியாளர்கள் அதை மனத்தில் வைத்தே இந்த என்ஜினை அமைத்தார்கள். உங்கள் காரில் நாக்கிங் உணரும் கருவி இருக்கிறது, அது டைமிங்கைப் பின்தள்ளி என்ஜினைக் காக்க முயலும். ஆனால் முப்பது வயதைக் கடந்த ஒரு சென்ஸாரையும் அதன் வயரையும் மட்டும் நம்பி முழு பூஸ்டில், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம் உச்சத்தில் இருக்கும்படி, ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

பூஸ்டர் போத்தல்களில் ‘3 புள்ளி உயரும்’ என்று எழுதியிருப்பதைக் காணும்போது 95 என்பது 98 ஆகிவிடும் என்றே எவரும் நினைப்பார். அந்த வணிகத்தில் ஒரு புள்ளி என்பது பெரும்பாலும் ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்குதான். 95 என்பது 95.3 ஆகும். உண்மையாகவே எண்ணை உயர்த்தும் போத்தல்களில் பல மாங்கனீசுச் சேர்மம் கொண்டவை. தொடர்ந்து ஊற்றினால் ஸ்பார்க் பிளக்குகளில் செங்கல் நிறத்தில் படிவு ஏறும். ஆக்சிஜன் சென்ஸாருக்கும் அது நல்லதன்று. அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடுங்கள் என்பேன். பூஸ்ட் அளவை யாரேனும் கூட்டி வைத்திருந்தால் தொழிற்சாலை அளவுக்குக் குறையுங்கள். பூஸ்ட் கண்ட்ரோலர் என்ற பெயரில் ஒரு சிறு குமிழ் வெற்றிடக் குழாயின் நடுவே செருகப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் கழற்றிவிட்டுப் பழைய குழாயைப் பொருத்துங்கள். இந்தக் காரில் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், காற்றோட்டம் குறைந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இதழ்களில் அடைந்த தூசைக் கழுவுவதும், அதற்குக் காற்று தள்ளும் விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பதும், 95இல் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எல்லையை எந்தப் போத்தலையும்விட விரிவாக்கும்.

கேள்வி: என் தாத்தாவின் 1951ஆம் ஆண்டு எம்.ஜி. டி.டி. காரைப் பழுதுபார்த்து ஓட்ட வைத்திருக்கிறோம். இவ்வளவு அரிய காருக்குச் சாதாரணப் பெட்ரோல் போட மனம் வரவில்லை. பங்க்கில் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. அதைப் போட்டால் என்ஜின் நீண்ட காலம் உழைக்குமா? இ20 பற்றியும் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஆனால் ஆக்டேன் பக்கம் அதற்கு இடமே இல்லை. டி.டி. காரின் 1,250 சி.சி. என்ஜினுக்கு அழுத்த விகிதம் 7.25:1. அது பிறந்த காலத்து பிரிட்டனில், போருக்குப் பின் எல்லா நிறுவனங்களும் ஒரே சரக்காக விற்ற ‘பூல்’ பெட்ரோலின் ஆக்டேன் 70ஐ ஒட்டியே இருந்தது. அதைக் குடித்து ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட என்ஜினுக்கு, இந்தியாவில் இன்று கிடைக்கும் எந்தப் பெட்ரோலும் தேவைக்கு மிக மிக அதிகம். 100 ஆக்டேனால் அதன் ஆயுள் ஒரு நாள்கூடக் கூடாது.

எத்தனாலோ உண்மையான சிக்கல். 20 விழுக்காடு எத்தனால் ஆக்டேனை உயர்த்தவே செய்யும், ஏனெனில் எத்தனாலின் சொந்த ஆக்டேன் 100ஐத் தாண்டியது. ஆனால் அது தன்னுள் ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், கார்பரேட்டர் பழைய கணக்கில் விடும் அளவு போதாமல் கலவை மெலிந்துவிடுகிறது. உங்கள் காரின் இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டரில் இதைக் கையாலேயே சரிசெய்ய முடியும் என்பது பெரிய நிம்மதி. என்ஜின் நன்றாகச் சூடேறியபின் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய ஸ்குரூடிரைவர் நுனியால் கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். என்ஜின் வேகம் ஒரு கணம் சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறிய வேகம் ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. இ20 போட்ட காரில் பெரும்பாலும் இதுதான் நேரும். அப்போது கார்பரேட்டரின் அடியிலுள்ள ஜெட் நட்டை, அதன் ஆறு பட்டைகளில் ஒரு பட்டை அளவு கீழ்நோக்கித் திருப்பி, மறுபடி தூக்கிப் பாருங்கள். இரண்டு கார்பரேட்டர்களிலும் ஒரே அளவு திருப்ப வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜெட்டைச் சுற்றியுள்ள தக்கை வளையங்கள், எஸ்.யூ. பெட்ரோல் பம்பின் டயாப்ரம், ரப்பர் குழாய்கள் ஆகியவை எத்தனாலுக்கு முதலில் பலியாகும் உறுப்புகள். பழுதுபார்த்தபோது புதிதாகப் போட்டவை எந்தப் பொருளால் ஆனவை என்று கேட்டு வையுங்கள். கார்பரேட்டருக்குக் கீழே ஈரக் கசிவு தென்பட்டால் வண்டியை எடுக்காதீர்கள். எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது.

100 ஆக்டேன் பெட்ரோல் வாங்குவதற்கு உங்களுக்கு ஒரே ஒரு நல்ல காரணம் இருக்க முடியும். நீங்கள் வாங்கும் அந்தச் சரக்கில் எத்தனால் கலக்கப்படவில்லை என்று நிறுவனமே எழுத்தில் உறுதி தந்திருந்தால், அந்த எண்ணுக்காக அல்ல, அந்த இல்லாமைக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம். ஆண்டில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும் காருக்கு அது தகும் செலவு. அப்படிக் கிடைக்காதபோது, மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதற்கு முன் தொட்டியையும் கார்பரேட்டர் கிண்ணங்களையும் வடித்துவிடுங்கள். இந்தியாவிலும் 2000 பிப்ரவரியோடு ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டதால், ஹாரோ வாசகருக்கு வால்வு இடைவெளியைப் பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். ஆனால் மெதுவாக ஓடும் உங்கள் காரில் அந்தத் தேய்மானம் எளிதில் வராது.

கேள்வி: விமானத்துக்குப் போடும் 100 ஆக்டேன் பெட்ரோலில் ஈயம் இருப்பதால், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அதுவே உகந்தது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். அதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதற்கு வழங்கும் ‘குறைந்த ஈயம்’ என்ற பெயர் அதற்கும் முந்தைய விமானப் பெட்ரோலோடு ஒப்பிட்டு வைத்த பெயர். பொதுச்சாலையில் ஓடும் காரில் அதை எரிப்பது சட்டத்துக்கும் புறம்பானது, தெருவில் விளையாடும் குழந்தைகளின் மூச்சிலும் அது கலக்கும். உயரத்தில் தானாக ஆவியாகிவிடாதபடி தயாரிக்கப்படுவதால், காலையில் குளிர்ந்த என்ஜினை எழுப்பவும் அது சிரமப்படுத்தும். வால்வு சீட்டுகளுக்காகத்தான் யோசிக்கிறீர்கள் என்றால், நல்ல மெஷின் ஷாப் ஒன்றில் ஹெட்டைக் கொடுத்துக் கடினமான சீட்டுகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். அது ஒருமுறைச் செலவு, அதன்பின் ஈயம் எந்த வகையிலும் உங்கள் காருக்குத் தேவைப்படாது.